மூன்று வெள்ளை, ஒரு ரெசிஸ்டர்

மார்ச் 4, செவ்வாய்

மருந்துக்கடைக்காரர் பெயர்ப்பலகையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். "என்னங்க, இப்படி அழுது வடியுது? கடைய மூடிட்டோம்னு ஜனங்க திரும்பிப் போறாங்க." எல்இடி சரக்கு மட்டம் என்று சமாளித்தேன். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல்.

இத்தனை வருடம் கணக்கு அவள் வேலை, பற்றவைப்பு என் வேலை. விவாகரத்து வாங்கிக்கொண்டு அவள் போன பிறகு நானாகக் கணக்குப் போட்ட முதல் பலகை இது.

மார்ச் 5

வெட்கத்தை விட்டு அவளுக்கே போன் செய்தேன். பன்னிரண்டு வோல்ட்டை இருபது மில்லி ஆம்பியரால் வகுத்தேன், அறுநூறு ஓம் வந்தது, கையில் இருந்த அறுநூற்று எண்பது ஓம் ரெசிஸ்டரைப் போட்டேன் என்றேன். சிரித்தாள்.

"மூணு சிவப்பு எல்இடி வரிசையா இருக்குல்ல? ஆளுக்கு ரெண்டு வோல்ட் எடுத்துக்கும். மிச்சம் ஆறுதானே ரெசிஸ்டருக்கு? அந்த ஆறைத்தான் வகுக்கணும்."

முந்நூறு. கடையில் முந்நூற்று முப்பதுதான் இருந்தது. அதைப் போட்டால் பதினெட்டு மில்லி ஆம்பியர். பளிச்சென்று எரிகிறது. அந்தச் சிரிப்பை நினைத்து நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். வெட்கம் கெட்டவன்.

மார்ச் 19

எல்லாக் கணக்கும் சரியாக வருகிறது, அவளிடம் கேட்க ஒரு சந்தேகமும் இல்லை. சனியன்.

ஏப்ரல் 21, திங்கள்

அவள் தங்கை வந்தாள். இன்னும் அத்தான் என்றுதான் கூப்பிடுகிறாள். "அத்தான், அக்காவோட புது வீட்டு வாசலுக்குப் பேர்ப்பலகை வேணுமாம். உங்க கை வேலைதான் வேணும்னு அவரும் சொன்னாராம்."

அவரும்!

தாளை நீட்டினாள். இரண்டு பெயர்கள். ஒன்று அவளுடையது. இன்னொன்று என்னுடையது இல்லை. வெந்த புண்ணில் வேல். முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? ஏன்டா சொல்லல? தங்கை போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 23

வெள்ளை எல்இடி. ஒன்றுக்கு மூன்று வோல்ட், மூன்றுக்கு ஒன்பது. பன்னிரண்டில் மிச்சம் மூன்று. நூற்றைம்பது ஓம் போட்டால் அளவாக இருபது மில்லி ஆம்பியர்.

அறுபத்தெட்டு போட்டால்? நாற்பத்து நான்கு. முதலில் ஜொலிஜொலிக்கும். அப்புறம் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். பழுது பார்க்க என்னைத்தானே கூப்பிடுவாள் — ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பாள், முன்பெல்லாம் நின்ற மாதிரி —

அறுபத்தெட்டு ஓம் ரெசிஸ்டர்களை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

பலகையை எடுத்துப் போக மச்சினிச்சி வந்திருந்தாள். எரியவிட்டுக் காட்டினேன்.

"கொஞ்சம் மங்கலா இருக்கே அத்தான்?"

"வாசலுக்கு இது போதும்மா. வருஷக்கணக்கா எரியும்."

இருநூற்று இருபது ஓம் போட்டிருக்கிறேன். பதினான்கு மில்லி ஆம்பியர்கூட ஓடாது. எல்இடிக்குச் சூடே ஏறாது.

பழுது வராது. அவள் என்னைக் கூப்பிட வேண்டியிருக்காது.