எரு வண்டி

1979 ஜனவரி 20, சனி

துணி துவைத்துக் காயப்போட்டேன். விடைத்தாள் பாதி திருத்தியாயிற்று. சாயங்காலம் வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. அதன் பின்னால் சங்கிலியில் கட்டி ஒரு பழைய பிக்கப். அதில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என் வீட்டுக்காரர் மத்தேயு.

நமுனுகுலயில் அவர் மிஷின் பார்க்கும் பிட்டராக இருந்த அதே தேயிலைத் தோட்டத்து வண்டி. பக்டரிக்குப் பின்னால் செடி முளைத்துக் கிடந்ததைப் பழைய இரும்பு விலைக்கு எடுத்தாராம். கதவில் தோட்டத்துப் பெயர் இன்னும் வெள்ளை எழுத்தில் இருக்கிறது. எனக்கும் அந்த வண்டியைத் தெரியும். மாட்டுப் பட்டியிலிருந்து நாற்று மேடைக்குச் சாணி ஏற்றின வண்டி. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் எரு வண்டி என்றுதான் சொல்வார்கள்.

"எதுக்குங்க இது?"

"கேம்ப் போக."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. "தொரமாரு போவாங்கள்ல பிரான்சி, கூடாரம் அடுப்பெல்லாம் ஏத்திக்கிட்டு, பொத்துவில் பக்கமெல்லாம். நான்தான் வண்டிய சரி பண்ணி அனுப்புவேன். திரும்பி வந்தா டயர் இடுக்குல மணல் இருக்கும். அந்த மணலத்தான் நான் பாத்துருக்கேன், கடலப் பாத்ததில்ல."

நாம என்ன தொரமாரா என்று கேட்டேன். சிரித்தார். மகள் ஜெபமலர் அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வயசுப் பெண்!

ஜனவரி 29

மழை. வீடெல்லாம் சாணி நாற்றம்.

பெப்ரவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது மாதா கோயில் வாசலில் இரண்டு குடும்பங்கள் நின்று பேசின. மத்தேயு அவர்களிடம் திட்டத்தை விளக்கினார். பின்னால் பலகைக் கட்டில், மேலே தார்ப்பாய்க் கூரை, தண்ணீர்ப் பீப்பாய், அதற்கு ஒரு குழாய். அவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். நாங்கள் நகர்ந்ததும் பின்னால் சிரிப்புக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. எனக்கு மட்டும் ஏன் எல்லாம் கேட்கிறது?

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு புது நிர்வாகம் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்தது. இவருக்கு வேலை போயிற்று. பதுளையில் இப்றாஹீம் நானாவின் லொறிப் பட்டறைக்குக் கூப்பிடும்போது போகிறார். கூப்பிடாத நாட்களில் வீட்டில் இருக்கிறார். ஸ்டாப் ரூமில் யாராவது கேட்டால் "பிஸ்னஸ்" என்பேன். என் ஊர் பசறை என்பேன். பசறையில் எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றுவேன். லயத்துக் காம்பராவில் பிறந்தவள் என்று ஒருத்திக்கும் தெரியாது. இத்தனை வருஷம் மூடி வைத்ததை இந்த வண்டி வாசலில் நிறுத்திக் காட்டுகிறது.

மார்ச் 18

பச்சை பெயின்ட் அடித்தார். கதவு எழுத்து அடியிலிருந்து மங்கலாகத் தெரிகிறது. இன்னொரு பூச்சு அடிக்கச் சொன்னேன். "தெரிஞ்சா என்ன?" என்றார்.

கட்டிலுக்குத் தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்து அறைந்திருக்கிறார். மடக்கினால் மேசை. ஜெபமலர் தையல் மிஷினில் தார்ப்பாய் தைக்கிறாள். ஊசி மூன்று முறை உடைந்தது. இருவரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் குசினியில், அடுப்பு முன்னால்.

ஏப்ரல் 3

ஒன்பதாம் வகுப்பில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது யாரோ மெதுவாக "எரு வண்டி டீச்சர்" என்றார்கள். கேட்காதது போல் எழுதி முடித்தேன். சோக்கட்டி உடைந்தது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்க, இல்லாட்டி நான் மானத்தோட வேலைக்குப் போக முடியாது. "பின்பக்கம் வழி இல்லையே" என்றார். இரவு வண்டியைச் சாக்குகளால் மூடினார்.

மே 30, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் தூங்கவும் முடியாது.

பள்ளிக்கூடம் விட்டு பிரின்சிபல் மதரோடும் றஷீனா டீச்சரோடும் கேட்டுக்கு வந்தேன். கொழும்பிலிருந்து வந்த புது டீச்சர் ஒருவரும் கூட இருந்தார். எதிரே வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நாலு மாசமாக அது ஒரு சத்தமும் போட்டதில்லை. இன்றைக்குத்தான் முதல் முதலாக ஓடியிருக்கிறது. அதை எனக்குக் காட்ட வந்திருக்கிறார். வேலை உடுப்பு, நெற்றியிலே கிரீஸ். முகமெல்லாம் சிரிப்பு. கையை உயர்த்தி, "ஏய், வா! ஏறு!" என்றார்.

புது டீச்சர், "யாரது? உங்களைத்தானே கூப்பிடுறார்?" என்றார்.

நான் சொன்னேன் - "அது எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற மெக்கானிக் பாஸ். வேற யாரையோ கூப்பிடுறார்."

ரோடு அகலமில்லை. அவருக்குக் கேட்டது. கையை உடனே கீழே போடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு தலையைச் சொறிந்தார், அதற்காகத்தான் தூக்கியது போல. எனக்காக அப்படிச் செய்தார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டின புருஷன நான் என்ன சொல்லிட்டேன்? என் வாயா அது?

மே 31

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

ஜூன் 3, ஞாயிறு

இன்று சாப்பிடும்போது, "டீச்சர், உப்பு எடுத்துத் தாங்க" என்றார். கிண்டலாக இல்லை. கோபமாகவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவார். உப்பை எடுத்துக் கொடுத்தேன். ஜெபமலர் என் முகத்தைப் பார்த்தாள்.

நற்கருணை வாங்கப் போகவில்லை. பெஞ்சிலேயே இருந்தேன்.

ஜூன் 17

இன்னும் டீச்சர்தான். இன்னும் நீங்கதான்.

ஜூன் 24

ஜெபமலரிடம் சொன்னேன். எப்படியும் சொல்லியாக வேண்டும். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அப்பா சொன்னாரா என்று கேட்டேன்.

"அப்பா ஒன்னும் சொல்லல. அன்னைக்கி வந்து வண்டிய நிறுத்திட்டு உள்ளயே ஒக்காந்துருந்தாரு. நானே கேட்டேன். அம்மாவுக்கு வேல இருந்துச்சுன்னாரு. அப்பவே தெரிஞ்சுச்சு."

பிறகு என்னை வண்டிக்குக் கூட்டிப்போனாள். இத்தனை மாதத்தில் நான் அதன் உள்ளே பார்த்ததில்லை. இடது பக்கச் சீட்டு மட்டும் உயரமாக, புது ரெக்சினில். அதன் முன்னால் தகரத்தை வெட்டி ஒரு சின்ன மூடி. திறந்தால் வெளிக்காற்று நேரே முகத்தில் அடிக்கும்.

"ஒங்களுக்கு வளைவுல கொமட்டும்ல. அதுக்கு."

மூடியைத் திறந்து திறந்து மூடினேன். அழக்கூட வெட்கமாக இருந்தது.

ஜூலை 14, சனி

மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வாசலில் வண்டி இல்லை. எண்ணெய் படிந்த மண் மட்டும். ஓட்டிப் பார்க்கப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே அவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"வண்டி எங்கங்க?"

"குடுத்தாச்சு, டீச்சர். எடம் அடைச்சுக்கிட்டு நின்னுச்சு."

ஜெபமலர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கேட்டதுதான் கிடைத்திருக்கிறது. வாசல் இப்போது சுத்தமாக இருக்கிறது.

ஜூலை 16, திங்கள்

ஸ்டாப் ரூமில் நானும் றஷீனா டீச்சரும் மட்டும். வண்டியை யாரிடம் விற்றார் என்று வீட்டில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்றாஹீம் நானாவின் பட்டறையில் விசாரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். றஷீனா தானாகவே மெதுவாகச் சொன்னார்.

"டீச்சர், கோவிக்க வேணாம். ஒங்கட மிஸ்டர்ர வண்டிய மொனராகலையில அலவிங்கிறவர் எடுத்திருக்கார். மரக்கறி யாவாரி. எங்கட மாமாதான் பேசிக் குடுத்தது."

"ஒங்க மாமா?"

"இப்றாஹீம் மாமா."

அப்படியானால் மத்தேயுவை இவருக்கு முதலிலிருந்தே தெரியும். அன்றைக்குக் கேட்டில் என் பக்கத்தில் நின்றவர் இவர். நான் சொன்னதைக் கேட்டு ஒரு சொல் பேசாமல் குடையைச் சரிசெய்தவர். என்னைக் காப்பாற்ற அவர் செய்த மரியாதை. இத்தனை நாளும் என் பொய்யை என் முன்னாலேயே சுமந்துகொண்டு, சாப்பாட்டுப் பார்சலில் பங்கு கொடுத்துக்கொண்டு - 

தலை நிமிர முடியவில்லை. "தேங்க்ஸ் டீச்சர்" என்றேன்.

ஜூலை 28, சனி

யாரிடமும் சொல்லாமல் மொனராகலைக்குப் போனேன். பசறை தாண்டினதும் வாந்தி. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ரோட்டோரம் குந்தினேன். கண்டக்டர் திட்டினான். சரியான தண்டனை எனக்கு.

அலவியின் கடை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட. வண்டி முன்னால் நின்றது, பூசணிக்காய் நிறைந்து. தார்ப்பாய்க் கூரையைக் கழற்றவில்லை, பூசணிக்கு நிழல். அலவி நோன்பு. நான் யாரென்று சொன்னதும், என் முகத்தைப் பார்த்து உள்ளே திரும்பி, "ஸகீனா, டீச்சருக்குப் பிளேன்டீ ஊத்துங்க" என்றார். அவர்கள் வாயில் தண்ணீர் படாத நேரம். வேண்டாமென்றேன். அவர் மனைவி விடவில்லை.

வண்டியைத் திரும்பத் தருவீர்களா என்று கேட்டேன்.

"ஏலாதே. இதால தான் இப்ப என்ட யாவாரம் ஓடுது. ஏன், ஒங்கட மிஸ்டருக்கு மனசு மாறிட்டா?"

கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் நின்றார்கள். பொய் ஒன்று உடனே நாக்கு நுனிக்கு வந்தது. இவ்வளவு சுலபமாக வருகிறதே! விழுங்கினேன்.

"அவர் மாறல. அத அவர் ஆசையா செஞ்சாரு. நான் எல்லார் முன்னாலயும் அவர யாரோன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் வித்தாரு" என்றேன்.

அலவி தராசுத் தட்டைத் துடைத்தார். பார்க்காத மாதிரி துடைத்துக்கொண்டே இருந்தார். ஸகீனாதான் பேசினார். "நோன்புப் பெருநாளைக்கு மூணு நாள் கடை பூட்டுறதானே. வண்டி சும்மா தானே நிக்கும்?"

அலவி யோசித்தார். "பெருநாள் தொழுகை முடிய வாங்க. ஆனா பூசணி நாத்தம் ஈக்கும், செல்லிட்டேன்."

ஜூலை 29, ஞாயிறு

மத்தேயுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டில் நடந்ததையும் முதல் முறையாக வாய் திறந்து சொன்னேன். மன்னிச்சுக்குங்க என்றேன். அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது யாருன்னு அந்தம்மா கேட்டாங்கள்ல. நீங்க சொன்ன பதில் கூடப் பெருசில்ல டீச்சர். ஒடனே சொன்னீங்க பாருங்க. கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொல்லிருந்தாக்கூட..."

பெருநாள் பற்றிச் சொன்னதற்கு, "இரவல் வண்டியில எதுக்கு ஊர்வலம்?" என்று எழுந்து போனார். நியாயம்தான். நான் உடைத்ததை யாரோ ஒரு மனிதரிடம் மூன்று நாளைக்குக் கேட்டு வாங்கி வந்து நீட்டினால்?

ஆகஸ்ட் 12

பேச்சில்லை. லீவு விட்டாயிற்று. நாள் நீளமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 21

குசினியில் மண்ணெண்ணெய் வாடை. எட்டிப் பார்த்தேன். கேம்புக்கென்று வைத்திருந்த பிரைமஸ் அடுப்பைப் பிரித்துப் போட்டு ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தது அவருக்குத் தெரியும். திரும்பவில்லை.

ஆகஸ்ட் 27, திங்கள். பொத்துவிலுக்கு அப்பால், கடற்கரை

மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பூசணி வாடையும் உப்புக் காற்றும்.

நேற்று மொனராகலையில் அலவி சாவியைக் கொடுத்தார். ஸகீனா பெருநாள் இனிப்பாக ஒரு சட்டி வட்டிலப்பம் கட்டித் தந்தார். சியம்பலாண்டுவ தாண்டிக் காட்டு வழி. நான் இடது பக்கம், மகள் நடுவில். மூடி திறந்திருந்தது. வாந்தி வரவில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜெபமலர் சொன்னாள். "ம்" என்றார். லாகுகலையில் ரோட்டின் குறுக்கே யானைகள். எஞ்சினை அணைத்துவிட்டு மூவரும் மூச்சை அடக்கி இருந்தோம்.

கடலைப் பார்த்ததும் மத்தேயு இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து நான்கு டயரையும் தட்டிப் பார்த்தார். அப்புறம்தான் தண்ணீர்ப் பக்கம் போனார். காற்சட்டை நனைய நின்றார். ரொம்ப நேரம் நின்றார். நான் போகவில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பங்கு இல்லை.

சாயங்காலம் காற்று எடுத்தது. பக்கவாட்டுக் கூரையின் கம்பு பிடுங்கிக்கொண்டது, தார்ப்பாய் படபடவென்று அடித்து அடுப்பைத் தட்டிவிட்டது, சோறு மணலில். நான் திகைத்து நின்றேன்.

"ஏய் பிரான்சி! என்னா வேடிக்க பாக்குற? கயித்தப் புடிடீ!"

ஓடிப்போய்ப் பிடித்தேன். கை எரிந்தது. அவர் கம்பை அடித்து இறுக்கும்வரை விடவில்லை. அவருக்கே அப்புறம்தான் தெரிந்திருக்கும், என்ன சொன்னார் என்று. சொன்னதைத் திருத்தவில்லை. வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுப் படுத்தோம்.

செப்டம்பர் 9, ஞாயிறு

வெட்கம் போய்விட்டது என்று எழுத முடியாது. பள்ளிக்கூடம் திறந்து முதல் நாள், புது டீச்சரிடம் போய் அன்றைக்கு வந்தவர் என் கணவர் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. மதர் என்னிடம் முன்னைப் போல் பேசுவதில்லை. இருக்கட்டும்.

ஹாலிஎலயில் ஒரு பழைய வேன் கொட்டிலில் கிடக்கிறதாம். மத்தேயு நேற்று பார்த்துவிட்டு வந்தார். எஞ்சின் செத்தது, ஆனால் அடித்தட்டு உறுதி என்றார். பிக்கப்பை விட நீளமாம். "வாசல்ல பத்தாது பிரான்சி. இப்றாஹீம் நானா பட்டறையிலயே வச்சுக்கலாம்னு பாக்குறேன்."

பூசை முடிந்து வந்ததும் மண்வெட்டியை எடுத்தேன். வாசலில் வேலியை ஒட்டி, ரோட்டோரம் வரை இடத்தை அடைத்துக்கொண்டு என் டேலியாப் பூப்பாத்தி. கிழங்குகளை மண்ணோடு பெயர்த்து வாளியில் போட்டேன். ஜெபமலர் கல்லைப் பொறுக்கினாள். அவர் கொஞ்ச நேரம் படியில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய் அளவு நாடாவை எடுத்து வந்தார். ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.