தண்ணீர் குடிக்காத ஷிஃப்ட்

மார்ச் 3, 2025

சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ் ஏறும்போதே அலுப்பு. ஷிஃப்ட் முடிந்து பாட்டில் தண்ணீர் இன்றும் அப்படியே திரும்பி வந்தது. அசெம்பிளி லைனை விட்டு பாத்ரூமுக்கு ஒதுங்க வேண்டுமென்றால் மாற்று ஆள் வரவேண்டும், அதற்குக் கையைத் தூக்க வேண்டும், எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் குடிப்பதில்லை. இங்கே எல்லாப் பெண்களும் இப்படித்தான்.

மார்ச் 5

ஆஸ்பத்திரிக் கட்டில். காலையில் லைனில் நின்றிருந்தபோது தோள்பட்டைகளுக்கு நடுவே சுரீரென்று ஒரு வலி. கொஞ்ச நேரத்தில் இரண்டு கால்களும் என்னுடையவையாக இல்லை. விழுந்தேன்.

"இன்னாமா, துன்னாம வந்துட்டியா?" என்றார் சூப்பர்வைசர் ஜெபகுமார்.

இங்கே டாக்டர் ஒரு பஞ்சை வைத்துக் காலைத் தொட்டார். தெரிகிறது என்றேன். இடுப்பு ஸ்கேனில் ஒன்றுமில்லை. யூரின் போனதா என்றார். "வேலை நாள்ல போற வழக்கமில்ல சார்." மேற்கொண்டு கேட்கவில்லை.

"மனசுல ஏதாச்சும் கஷ்டமாம்மா?"

மனசா என் காலைப் பிடித்து வைத்திருக்கிறது? இருக்குமோ — கேக்கக் கேக்க எனக்கே சந்தேகமா இருக்கு.

மார்ச் 6

அறைத்தோழி தங்கமாரி நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தாள். போர்வையைச் சரிசெய்தவள் என் அடிவயிற்றைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"யக்கா, ஒண்ணுக்குப் போனியா?"

"வரல."

"இம்புட்டு டிரிப்ஸ் ஏத்திருக்காக. இங்கயும் லைன்லயா நிக்க?"

அவளே போய் நரம்பு டாக்டரம்மாவை அழைத்து வந்தாள். குழாய் போட்டார்கள், பை நிறைந்தது. பிறகு டாக்டரம்மா குளிர்ந்த இரும்பு ஒன்றைப் பாதத்தில் வைத்தார். வைத்தது தெரிந்தது, குளிர் தெரியவில்லை. மார்புக்கு மேலே வந்தபோதுதான் சில்லென்றது.

"இது மனசு இல்லம்மா. மேல் முதுகை ஸ்கேன் எடுக்கணும்."

மார்ச் 7

தண்டுவடத்தில் பக்கவாதம். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்திருக்கிறது. மூளைக்கு வருவது முதுகுக்குள்ளும் வருமாம். இத்தனை படித்திருக்கிறேன், இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நடப்பேனா என்றேன். "இப்ப சொல்ல முடியாதும்மா. பயிற்சி பண்ணுவோம்."

பயமா இருக்கு. ஆனால் முதலில் தோன்றியது, அப்பாடா, நம்பிட்டாங்க என்றுதான். இதற்கா நிம்மதி?

ஏப்ரல் 19

இடது கட்டைவிரல் அசைந்தது.

ஜூலை 14

வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் இன்னும் காலில் ஊற்றுகிறேன்.

சாயங்காலம் தங்கமாரி ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து தண்ணீர் பாட்டிலைக் கட்டிலில் போட்டாள். காலையில் வாக்கரைப் பிடித்து நின்று நான் நிரப்பிக் கொடுத்தது.

"ரெண்டு வாட்டி கையத் தூக்கிட்டேன்க்கா. அந்த ஜெபகுமார் மூஞ்சியப் பாக்கணுமே."

பாட்டில் காலி.