துண்டுக்கடியில் இரண்டு கைகள்

ஏங்க,

என் பெயரின் விலை ஐந்நூறு ரூபாய். விலைமதிப்பில்லாதது என்று இருந்துவிட்டேன். நேற்று தேனி அச்சகத்தில் நீங்கள் பேரத்தை முடித்துவிட்டீர்கள்.

வேலையை விட்டுவிட்டு ஏலக்காய் பாக்கெட் போடப் போவது நான். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் இரண்டு கைகள், கீழே 'ஹேமாவதி ஏலக்காய்' என்று லேபிள் வரைந்தவளும் நான். மாட்டுச் சந்தையில் அப்படி விரல் பிடித்துத் தரகு பேசித்தான் எங்கள் அப்பா எங்களை வளர்த்தார்.

அச்சகக்காரர், "மலையும் சூரியனும் ரெடியா இருக்கு, ஐநூறு கொறச்சுக்கிறேன். எல்லாரும் இதத்தான் போடுறாக" என்றாராம். நீங்களும் தலையாட்டிவிட்டு வந்தீர்களாம். எல்லாரும் போடுவதையே நானும் போட்டால், கடைக்கு வருகிறவர்கள் என் பாக்கெட்டை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? மோந்து பார்த்தா?

பெயரும் 'மலைராணி'யாம். யார் அவள்?

அச்சு ஓடுவதற்குள் நிறுத்த வேண்டும். கோம்பையிலிருந்து முதல் பஸ்ஸில் போகிறேன். மாவு பிரிட்ஜில் இருக்கிறது. சட்னி அரைத்துவிட்டேன், இருந்த கோபத்தில் உப்பு போட்டேனா என்று நினைவில்லை. பாக்கெட் ஒட்டும் மிஷின்காரர் பத்து மணிக்கு வருவார். காபி கொடுங்கள். விலை மட்டும் பேசிவிடாதீர்கள்.

ஹேமா

பி.கு.: "துண்டப் போட்டா எதையோ மறைக்கிறோம்னு நெனப்பாக" என்றீர்கள். நினைக்கட்டும். நினைத்தால்தான் கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

இன்னொன்று: ராத்திரி உங்களை 'ஏலே' என்று கத்திவிட்டேன். அதற்கு நான் தர வேண்டிய மன்னிப்பு ஒன்று. படத்துக்கும் பெயருக்குமாக நீங்கள் தர வேண்டியது இரண்டு. என்னுடையதைக் கழித்தது போக, உங்கள் பக்கம் பாக்கி ஒன்று.