படபடப்பு பிடிபட்டது

செஞ்சி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் வெரோனிகாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இயேசுவுக்கே புகழ். இங்கு நைனா நலம், ஆடு நலம், மாடியில் காயப்போட்ட மிளகாய்கூட நலம். நான் நலமா என்பதைத் திங்கட்கிழமை பாண்டிச்சேரி டாக்டரம்மா சொல்வார், அதுவரைக்கும் நலம் என்றே வைத்துக்கொள். போலந்துக் குளிரில் உன் காது, மூக்கு, பாதம் எல்லாம் நலமாயிருக்க மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே நீ "டென்ஷன் ஆவாதம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறாய். லெட்டரில் என்ன செய்வாய், முழுசாகப் படித்துத்தானே ஆக வேண்டும். அதனால்தான் நாளை போலந்துக்குத் திரும்பும் உன் சிநேகிதியிடம் கொடுக்கும் வேர்க்கடலைப் பொடி பார்சலுக்குள் இதையும் வைத்து அனுப்புகிறேன்.

பொங்கலிலிருந்து எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வதும், கை மரத்துப்போவதும், கண் இருட்டுவதும் உனக்குத் தெரியும். கொஞ்ச நேரம்தான், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடும். செஞ்சியில் ஈசிஜி எடுத்தார்கள், திண்டிவனத்தில் எடுத்தார்கள், எங்கே எடுத்தாலும் அந்தப் படபடப்பு மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகள் போல அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். டாக்டர் டென்ஷன் என்றார், உன் நைனா வயிற்றுக் கேஸ் என்றார், பக்கத்து வீட்டு மீனம்பாள் கண் பட்டுவிட்டது என்றாள். நானும் ஒருவேளை நாம்தான் கற்பனை செய்துகொள்கிறோமோ என்று யாரும் இல்லாதபோது அழுதிருக்கிறேன். கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மா, உன் வயசுதான் இருக்கும், நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு "உங்களுக்கு வருதுன்னா வருதும்மா, புடிச்சிடலாம்" என்றது. அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டார்கள். ஒரு நாள் முழுக்க அது நெஞ்சுத் துடிப்பைப் பதிவு செய்யுமாம். படபடப்பு வந்தால் பட்டனை அமுக்க வேண்டும், மற்றபடி எப்போதும் போல இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எப்போதும் போலவா, அதற்கு இந்த ஊர் விட வேண்டுமே! வீட்டுக்குள் நுழைந்ததும் உன் நைனா என் கையிலிருந்து பையை வாங்கினார். சாப்பிட்ட தட்டைக் கழுவினார்! நம் வீட்டுத் தண்ணீர் அவள் வாசல் வழியாகப் போகிறது என்று வருஷக்கணக்காகச் சண்டை போடும் மீனம்பாள், கொழுக்கட்டையோடு வந்து "தண்ணி எங்க வாசல்லயே போவட்டும்கா, நீ உடம்பப் பாத்துக்க" என்றாள். இப்படி எல்லோரும் நல்லவர்களாகிவிட்டால் படபடப்பு எங்கிருந்து வரும்? அது வந்தாலும் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். வராமல் போனால் மெஷினும் டென்ஷன் என்று சொல்லிவிடும், அப்புறம் என் பேச்சை யார் நம்புவார்கள்?

அதனால் நானே வரவழைக்கப் பார்த்தேன். டிக்காஷன் காபி குடித்தேன். கரண்ட் பில்லை நினைத்தேன். ஆட்டைத் துரத்திக்கொண்டு தெருக்கோடி வரை ஓடினேன், ஆட்டுக்குத்தான் மூச்சு வாங்கியது. நைனாவிடம் கொஞ்சம் சண்டை போடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "ஏன்டி, கொழம்புல உப்பு... உப்பு சரியாத்தான் இருக்குது, இருந்தாலும் கேக்கறன், ஏன்டி?" என்றார். எனக்கு வந்த சிரிப்பில் ஒயர் ஒன்று பிய்ந்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டினோம். இரவு நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது. பல மாதத்துக்கு அப்புறம் அப்படி ஒரு தூக்கம்.

மறுநாள் காலையில் மெஷினைத் திருப்பிக் கொடுக்க பஸ் ஏறினோம். என் முகம் தொங்கிப் போயிருந்தது. கண்டக்டர் என் இடுப்புப் பெட்டியை வேவு பார்க்கும் கேமரா என்று நினைத்துவிட்டார் போல, கேட்பதற்கு முன்னாலேயே சில்லறையை எண்ணிக் கையில் வைத்து "வேற எதுனா வேணுமாம்மா" என்றார். வல்லம் தாண்டியதும், ஜன்னல் பக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, வந்தது வெரோனிகா! எப்போதும் போல நெஞ்சுக்குள் கிடுகிடுவென்று. பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்கி, "வந்துட்ச்சி, வந்துட்ச்சி" என்று கத்தினேன். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று நினைத்துக் கண்டக்டர் விசில் அடிக்க, டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். பஸ் முழுக்க என்னைப் பார்க்கிறது, எனக்குக் கண் இருட்டுகிறது, நான் பல்லெல்லாம் தெரிய சிரித்துக்கொண்டிருக்கிறேன். செத்துவிடுவோமோ என்ற பயமும் இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். உன் முகம்தான் வந்தது.

நைனா என் மணிக்கட்டைப் பிடித்தார். இத்தனை மாதத்தில் அவர் அந்தப் படபடப்பைக் கையால் தொட்டுப் பார்த்தது அப்போதுதான். கேஸ் கேஸ் என்று சொன்ன மனுஷன், முகமெல்லாம் வெளுத்து, "இத வச்சிக்கினாடி எங்களுக்கு இத்தினி நாளா சோறாக்கிப் போட்ட?" என்றார். அப்புறம் பஸ்ஸிலேயே அழுதுவிட்டார். நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

டாக்டரம்மா மெஷினை வாங்கிக்கொண்டு "பட்டன அமுக்கினீங்களா, சூப்பர்ம்மா" என்றது. பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன், வேறு டெஸ்ட்டும் வேண்டியிருக்கலாம் என்றது. மாத்திரையோ ஆபரேஷனோ ஒன்றுமில்லையோ, என்னவோ தெரியவில்லை. ஆனாலும் நேற்றிலிருந்து காலே தரையில் நிற்கவில்லை எனக்கு. நைனா மட்டும் மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து நாடி பிடிக்கிறார். பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து பிடிக்கிறார். இதை எழுதும்போது இடது கை அவரிடம்தான் இருக்கிறது.

பொடியைக் காற்றுப் புகாமல் மூடி வை. சாக்ஸ் போடாமல் தரையில் நடக்காதே. பூசையை விடாதே. திருக்குடும்பம் உனக்குத் துணையாக நடக்கட்டும், உன் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன். திங்கட்கிழமை சாயங்காலம் கட்டாயம் போன் பண்ணு கண்ணு. அப்போது எனக்குப் பயமாயிருக்கிறது என்று நான் சொன்னால், ஒன்றும் இல்லை என்று சொல்லாதே. அவ்வளவு தூரத்தில் நீயும் பயந்துகொண்டுதான் அப்படிச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். "எனக்கும் பயமாத்தாம்மா இருக்குது" என்று சொல். அது போதும் எனக்கு.

உன் அம்மா,
செல்வராணி தேவசகாயம்.