மெனு இல்லாத கடை

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ அனுப்பிய மூன்று ஜப்பான் சாப்பாட்டுக் கடைகளையும் போனில் பார்த்துவிட்டேன். ஆளுக்கு இரண்டாயிரம், ஐயாயிரம், பன்னிரண்டாயிரம். மாப்பிள்ளையைச் சந்திக்க எந்தக் கடை என்று என்னையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறாய். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? மூன்றிலும் மெனுவே இல்லை. சமையல்காரர் வைப்பதைத்தான் சாப்பிட வேண்டுமாம்.

அம்மாவிடம் கேட்டேன். "ஏட்டி, விலை கூடுன கடையாப் பாரு. இல்லன்னா அவிய நம்மள எளப்பமா நெனச்சிருவாக. பச்ச மீன வச்சாலும் மூஞ்சியச் சுளிக்காம முழுங்கிரு" என்றாள்.

போன வருடம் ஆண்டாள் கோயிலில், தற்செயலாகச் சந்திப்பதுபோல் என்னை ஒரு குடும்பத்தின் முன்னால் நிறுத்தினீர்கள். இந்த முறை பெங்களூர். வேறென்ன மாறியிருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

நேற்று கோர்ட்டில் டைப்பிங் வேலைக்கு இடையே ஐயாயிரம் ரூபாய்க் கடைக்குப் போன் செய்தேன். என்ன தருவீர்கள் என்று கேட்டேன்.

"அது மாஸ்டர் முடிவு மேடம். நீங்க சாப்பிடாதது ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிருங்க, வைக்க மாட்டார்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். "நீங்க சாப்பிடாதது எதுன்னு கேட்டேன் மேடம்" என்றார். கணவாய் மீன் வேண்டாம் என்றேன். எழுதிக்கொண்டார்.

மூன்று பேருக்கு இடம் பிடித்திருக்கிறேன். நீ, நான், அம்மா.

இந்த மாப்பிள்ளை எனக்கு வேண்டாம், அண்ணே. நல்லவராகவே இருக்கலாம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கணவாய் ஏன் வேண்டாம் என்று அந்தக் கடைக்காரர் என்னிடம் கேட்கவில்லை.

உன் தங்கை