பச்சையில் இருந்தவள்

ஜூலை 8, திங்கள்
வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். பல்கலைக்கழகத்தில் யார் படிப்பைப் பாதியில் விடக்கூடும் என்று கணினி முன்கூட்டியே சிவப்பில் காட்டும். மற்றவர்கள் பச்சை. சிவப்பில் இருப்பவர்களுக்கு என் மேலதிகாரி மேடம் போன் செய்வார். பட்டியலை அச்சடித்துக் கொடுப்பது நான். பேச வேண்டியதில்லை. வீட்டிலேயே வாய் திறக்காத எனக்கென்றே செய்த வேலை.

ஜூலை 10
பச்சையில் இருக்கும் ஒருத்தி உறுத்துகிறாள். முதலாண்டு. வகுப்பு வாசலில் தினமும் வருகைக் கார்டு தேய்க்கிறாள். ஆனால் பன்னிரண்டு நாளாகக் கேன்டீனில் ஒரு டீகூட வாங்கவில்லை. நூலகம் பக்கமே போகவில்லை. அவளுக்கு முந்தைய கார்டு எப்போதும் ஒரே தோழியுடையது. தினமும் அதே இரண்டு விநாடி இடைவெளி.

தோழிதான் இரண்டையும் தேய்க்கிறாள். இவள் வருவதே இல்லை!

ஒன்பதாம் வகுப்பில் நானும் இப்படித்தானே? சிநேகிதி எனக்காக ‘உள்ளேன்’ சொன்னாள். நான் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியைக்குத் தெரிவதற்குள் என் படிப்பே முடிந்துவிட்டது.

ஜூலை 11
திங்களோடு தேர்வுப் பதிவு முடிகிறது. விட்டால் அவளுக்கு இந்த வருடம் போச்சு. மேடத்திடம் சொல்லணும். சொல்லலை.

ஜூலை 12
சொல்லிட்டேன்.

“பச்சையிலதானேம்மா இருக்கா?” என்றார் மேடம். விநாடிகளைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “அடிப்பாவிகளா, மெஷின் காதுலயே பூ சுத்திருக்காளுங்க.” போனை என் பக்கம் தள்ளினார். “நான் பேசினா பயந்து வச்சிடுவா. நீ பேசு.”

எழுதி வைத்திருந்ததை அப்படியே ஒப்பித்தேன். “இது பதிவு பண்ணின குரலா?” என்றாள் அவள்.

“இல்லக்கா. நெஜ ஆளுதான்.”

சிரித்தாள். பிறகு அழுதாள். முதல் கணக்குத் தேர்வில் பூஜ்யமாம். “ஒரு நாள் லீவு போட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?”

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். “திங்கக்கிழமை வாங்கக்கா, வகுப்பு வரைக்கும் நானும் வர்றேன்” — வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். நானா சொன்னேன்?

ஜூலை 15, திங்கள்
மூன்று மணி வரை ஆளைக் காணோம். மூன்றரைக்குத் தோழியோடு வந்தாள்.

“எங்களப் போட்டுக் குடுத்தது நீதானா?” என்று தோழி முறைத்தாள்.

“விடுடி” என்று இவள் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். என்னைப் பார்த்து, “கூட வர்றேன்னு சொன்னேல்ல, நட.”

நடந்தேன். மூன்று வருடம் கழித்து ஒரு வகுப்பறையை எட்டிப் பார்த்தேன். அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

ஜூலை 22
அவள் வகுப்பில் இருக்கிறாள். கார்டை நம்பாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். மேடம் இன்றைய சிவப்புப் பட்டியலை இரண்டாகக் கிழித்து, பாதியை என்னிடம் தந்தார். எட்டுப் பேர். எட்டுப் பேரிடமும் பேசினேன்.

“குரல் ஏன்டி இப்படிக் கெடக்கு?” என்று அம்மா கேட்டாள்.

“பேசிப் பேசித் தொண்ட கட்டிக்கிச்சும்மா.”

அம்மா நம்பவில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.