முட்டையோடு கடலையும்

செவ்வாய், இரவு ஒன்பதரை.

பாப்பாவுக்கு ஏழு மாதம். புது உணவு ஒன்று கொடுத்தால் மூன்று நாள் கழித்துத்தான் அடுத்தது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பெனியில் ஒரே ட்ரையலில் மெஷினின் இரண்டு செட்டிங்கை மாற்றுகிறவனை, கோளாறு எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று திட்டுவதே நான்தான். இன்று முட்டை மஞ்சள் கருவோடு வேர்க்கடலை விழுதையும் குழைத்து ஊட்டிவிட்டேன். பொறுமையில்லை, அவ்வளவுதான்.

எட்டரைக்குப் பாப்பாவுக்கு வாயைச் சுற்றிச் சிவந்து தடித்தது.

"முட்டை மட்டும்தானே குடுத்தீங்க?" என்றாள் என் மனைவி கவிதா.

"ஆமா. கொசுவா இருக்கும்."

"அம்பத்தூர் கொசு காம்பஸ் வெச்சு வட்டமா கடிக்குதாக்கும்?"

சிரித்தபடியே போய்ப் படுத்தவள் தூங்கிவிட்டாள்.

இதை எழுதும்போதே தொட்டிலிலிருந்து விசில் மாதிரி மூச்சு கேட்கிறது. எழுந்து பார்த்தேன். தடிப்பு கழுத்துவரை இறங்கிவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்; எதனால் என்று டாக்டர் கேட்பார். அதற்கு முன் கவிதாவிடம் கடலையைச் சொல்லியாக வேண்டும். எழுப்புகிறேன்.